அத்தை கேட்டதும் ஐயா கேட்டதும்

எங்கள் சபையின் சுவரில், "ஒவ்வொருவருக்கும் ஆண்டவர் ஒரு நோக்கம் வைத்திருக்கிறார்" என்று நீல எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்கு நேர் எதிர் பெஞ்சில்தான் நான் வாராவாரம் உட்காருவேன். இடம் மாறி உட்காரலாம்தான். ஆனால் ஃபேன் அங்கேதான் இருக்கிறது. கடகடவென்று சத்தம் போடும் பழைய ஃபேன், ஆனாலும் நல்ல காற்று. நாற்பதைத் தாண்டியும் எதற்காகப் பிறந்தோம் என்று தெரியாமல், அந்த வரியை முறைத்துக்கொண்டு காற்று வாங்கிக்கொண்டிருந்தேன்.

கேட்காமல் இருந்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. முழங்கால் போட்டுக் கேட்டேன். சாப்பிடாமல் இருந்து கேட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டும் கேட்டேன். பக்கத்து பெஞ்சில் இருப்பவர்களுக்கெல்லாம் ஆண்டவர் கனவில் வந்து, நீ டீச்சராகு, நீ இந்தப் பெண்ணைக் கட்டு, நீ வீட்டை விற்காதே என்று விலாவாரியாகச் சொல்லிவிட்டுப் போகிறார். என் கனவில் வருவதெல்லாம் பழைய முதலாளிகள்.

முதலாளிகள் நிறையப் பேர். பெயின்ட் கடையில் இருந்தேன், கடையை மூடிவிட்டார்கள். கூரியர் பை சுமந்தேன், முட்டி போய்விட்டது. தண்ணீர் மோட்டார் பழுது பார்த்தேன். அதில் கை நன்றாக வந்தது, ஆனால் முதலாளிக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அது என் மனைவிக்குத் தெரியும், என் மனைவியின் அம்மாவான அத்தைக்கும் தெரியும், நாங்கள் குடியிருக்கும் மூன்றாவது மாடியில் எல்லாருக்கும் தெரியும்.

"நீங்க எதுக்குப் பொறந்தீங்கன்னு கண்டுபிடிக்கிறதுக்குள்ள உங்களுக்குப் பென்ஷன் வயசு வந்துடும்," என்பாள் மனைவி. சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். எனக்குத்தான் சிரிப்பு வராது.

இப்போது இருப்பது ஒரு காது கிளினிக்கில். அங்கே நான் போய்ச் சேர்ந்ததே ஒரு சண்டையில்தான். மாமனாருக்குக் கடைசிக் காலத்தில் காது போய்விட்டது. மெஷின் வாங்கி மாட்டினோம். அதை அவர் டீக்குள் போடுவார், தலையணைக்கு அடியில் நசுக்குவார், ஒருமுறை வாஷிங் மெஷினுக்கே அனுப்பிவிட்டார். ஒவ்வொரு தடவையும் அதைத் தூக்கிக்கொண்டு நான் கிளினிக்குக்கு ஓடி, கவுன்டரில் நின்று கத்துவேன். ஒருநாள் கிளினிக்கை நடத்தும் மேடம் வெளியே வந்து, "நீங்க சண்டை போட வர்ற நேரத்துக்கு இங்கயே வேலை பார்த்துடலாம்," என்றார். அவர் விளையாட்டாகச் சொன்னார். நான் மறுநாள் போய் நின்றேன்.

மத்தியானத்துக்கு மேல் மட்டும் வேலை. மெஷினின் குழாயில் அடைத்திருக்கும் அழுக்கை எடுப்பது, பேட்டரி மாற்றுவது, காதுக்குள் பொருந்தும் அச்சை ராவி விளிம்பு குத்தாமல் செய்வது, வயதானவர்களுக்கு அதை மாட்டச் சொல்லிக் கொடுப்பது. கடைசி வேலைதான் உயிரை வாங்கும். இடது காதுக்கானதை வலதில் திணிப்பார்கள். சொன்னதையே திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். மாமனார் போய்ச் சேர்ந்த பிறகும் நான் அங்கேயே ஒட்டிக்கொண்டேன்.

அப்படியிருக்கும்போதுதான் கிளினிக்கில் ஒரு நிரந்தர இடம் காலியானது. அறிவிப்புப் பலகையில் "முழுநேர ஊழியர் தேவை" என்று மேடம் ஒட்டினார். காலையில் வரும் ஆள் ஒருவர், மத்தியானம் வரும் நான் ஒருவன். இருவரில் ஒருவருக்குத்தான் அந்த இடம். வேலை எனக்குப் பிடித்திருந்தது. வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு இடத்தில் முழுசாக இருக்க ஆசைப்பட்டேன். நோக்கம் கீக்கம் எதுவும் வேண்டாம், இதை மட்டும் கொடு என்று ஆண்டவரிடம் கறாராகச் சொன்னேன். வீட்டிலும் சொன்னேன். எல்லாரும் ஜெபம் செய்யுங்கள் என்று அத்தையிடமும் சொல்லிவைத்தேன்.

புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் போதகர் ஐயா, "யாருக்கு என்ன தேவையோ எழுந்து சொல்லுங்க," என்றார். என் பக்கத்தில், அந்த ஃபேனுக்குக் கீழே, அத்தை எழுந்து நின்றார். அவர் சத்தம் எப்போதுமே மெல்லிசு.

"கிளினிக்குல என் மாப்பிள்ளை முழுநேர ஊழியரா ஆகணும், ஐயா. ஜெபம் பண்ணுங்க." இதுதான் என் காதில் விழுந்தது.

மேடையில் நின்ற ஐயா கண்களை மூடினார். திறந்தபோது கண்கள் கலங்கியிருந்தன.

"முழுநேர ஊழியம்!" என்றார். "அல்லேலூயா! எத்தனை வருஷமா இந்தச் சபையிலேர்ந்து ஒருத்தர் எழும்பணும்னு கேட்டுக்கிட்டிருந்தேன்! தம்பி, எழுந்திருங்க!"

நான் திருதிருவென்று விழித்தேன். சபையில் முழுநேர ஊழியர் என்றால் வேலை வெட்டியெல்லாம் விட்டுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு, கடவுளின் வேலைக்கே போய்விடுபவர். கிளினிக்கில் முழுநேர ஊழியர் என்றால் காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை காது அழுக்கு எடுப்பவர். இரண்டு இடத்திலும் ஒரே சொல். அத்தை இதைக் கேட்டார், ஐயா அதைக் கேட்டுக்கொண்டார். "கிளினிக்குல" என்கிற ஒரு வார்த்தை மேடைக்குப் போய்ச் சேராமல் நடுவில் எங்கேயோ விழுந்துவிட்டது.

எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குப் பின்னால் இருந்தவர் என் தோளைப் பிடித்து அழுத்தி அழுதார். வருகிற ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு என்னைச் சபையார் முன்னால் ஊழியத்துக்குப் பிரதிஷ்டை செய்து அனுப்புவதாகவும், அன்றைக்கு நானே பிரசங்கம் செய்வேன் என்றும் ஐயா அறிவித்தார். அத்தை கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். அவமானத்தில் அழுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தேன்.

"ஒரு மனுஷன் சொல்றதை முழுசா கேக்கத் தெரியாதா அவருக்கு? பாதியைக் கேட்டுட்டு பரலோகத்துக்கே போயிடுறாரு!"

"மாப்ள, நான் ஒண்ணு சொல்லட்டுமா..." என்று ஆரம்பித்தார் துணி மடித்துக்கொண்டிருந்த அத்தை.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் அத்தை. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. நீங்க தெளிவாத்தான் சொன்னீங்க."

அத்தை அடுத்த சட்டையை எடுத்தார்.

தவறைச் சரிசெய்வது சுலபம் என்றுதான் நினைத்தேன். சபை மூப்பர் ஒருவரைப் பிடித்து, "அண்ணே, எனக்கு அந்த மாதிரி அழைப்பு எதுவும் வரல. எனக்குப் பேசவே வராது," என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "இதுதான் தம்பி அடையாளம்! வேதத்துல அழைக்கப்பட்டவங்க எல்லாரும் முதல்ல இதையேதான் சொன்னாங்க."

"அய்யோ, நிஜமாவே வேணாம்ணே."

"அதையும் சொன்னாங்க."

இரண்டாவது மூப்பரிடம் கோபப்பட்டுப் பார்த்தேன். ஓடி ஒளிந்தவர்களைத்தான் ஆண்டவர் தேடிப் பிடிப்பார் என்று அவர் என் கையைக் குலுக்கினார். மறுத்தால் தாழ்மை, கோபப்பட்டால் வைராக்கியம், பேசாமல் இருந்தால் தியானம். என்ன செய்தாலும் நான் ஊழியக்காரன்தான். ஒரு அம்மா என் மனைவியிடம் வந்து, "உங்க வீட்டுக்காரர் முகத்துல ஒரு வெளிச்சம் தெரியுது," என்றார். "அது எரிச்சல்," என்றாள் என் மனைவி.

இதெல்லாம் சபையோடு போயிருந்தால் பரவாயில்லை. கிளினிக்கின் வரவேற்பில் இருக்கும் பெண்ணும் எங்கள் சபைதான். செய்தியை அவள் வாழ்த்து சொல்வதாக நினைத்து மேடத்திடம் சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"சந்தோஷம்," என்றார். "நீங்க முழுநேர ஊழியத்துக்குப் போறீங்களாமே. நான் உங்களுக்குத்தான் இந்த இடம்னு நெனச்சிருந்தேன். இப்ப காலையில வர்றவருக்கே கொடுத்துடறேன்."

"மேடம், அது தப்பான தகவல்!"

"அடுத்த ஞாயித்துக்கிழமை உங்களைச் சபையில நிறுத்தி அனுப்பி வைக்கறாங்கன்னு சொன்னாளே? நீங்க நாளைக்கே கிளம்பிட்டா நான் மறுபடி ஆள் தேடணும். ஒண்ணு செய்யுங்க. அந்த ஞாயிறுக்கு மறுநாள் திங்கட்கிழமைதான் நான் ஆர்டர் போடப்போறேன். அன்னிக்கு வந்து, அது நடக்கலைன்னு சொல்லுங்க. பார்க்கலாம்."

பேட்டரிப் பெட்டிகள் அடுக்கியிருக்கும் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். அங்கே நின்று ஆண்டவரிடம் நான் பேசியதைச் சபையார் கேட்டிருந்தால் என் பிரதிஷ்டையை அவர்களே நிறுத்தியிருப்பார்கள். ஒரே ஒரு வேலை கேட்டேன். கேட்ட வார்த்தையாலேயே அதைப் பிடுங்கிக்கொண்டாயே, இது உனக்கு வேடிக்கையாக இருக்கிறதா என்று கேட்டேன். பேட்டரிப் பெட்டிகள் கேட்டுக்கொண்டிருந்தன.

மறுவாரம் வியாழக்கிழமை காலையில் நேரே போதகர் ஐயாவின் அறைக்குப் போனேன். சபைக் கட்டடத்தின் பக்கவாட்டில் ஒரு சின்ன அறை. ஒரு மேசை, ஒரு டேபிள் ஃபேன், ஜன்னலில் இரண்டு செடித்தொட்டிகள். ஐயா என் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். கனிவான மனிதர்தான். அன்றைக்கு எனக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை.

"ஐயா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்!" என்றேன் வாசலிலிருந்தே.

தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

"ஐயா!"

ஒரு காய்ந்த இலையைக் கிள்ளிப் போட்டார். எனக்குக் கொதித்தது. வேண்டுமென்றே என்னைக் காக்க வைக்கிறார் என்று நினைத்து, மேசையை ஒரு தட்டுத் தட்டினேன். அதிர்ந்து திரும்பினார். உடனே புன்னகை வந்துவிட்டது.

"வாங்க தம்பி, வாங்க! பிரசங்கம் தயாராயிடுச்சா?"

"ஐயா, அன்னிக்கு அத்தை கேட்டது வேற."

"அத்தைக்கு வேர்க்குதா? அந்த ஃபேனுக்குக் கீழதானே உக்காருவாங்க?"

"வேர்க்கல ஐயா! வேற! வேற! இதுல ஒரு தப்பு நடந்திருக்கு."

"ஆமென்," என்றார் உருக்கமாக.

ஒருவன் தன் தலையெழுத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது ஆமென் போட்டால் எப்படி இருக்கும்? கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அப்போதுதான் மூளையின் ஏதோ ஒரு மூலையில் மத்தியான வேலைக்காரன் விழித்துக்கொண்டான். ஐயா தலையைக் கொஞ்சம் சாய்த்து, வலது பக்கத்தை எனக்குக் கொடுத்திருந்தார். கண்கள் என் கண்களைப் பார்க்கவில்லை, உதடுகளைப் பார்த்தன. இந்தப் பார்வையை நான் தினமும் பார்க்கிறேன். என் மாமனார் இப்படித்தான் பார்ப்பார்.

மேசையில் கிடந்த பாட்டுத் தாளை எடுத்து, விசிறிக்கொள்வதுபோல் என் வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு, சாதாரணக் குரலில், "ஐயா, உங்க செடி பட்டுப்போச்சு," என்றேன்.

"கண்டிப்பா தம்பி," என்றார் அவர். "ஜெபிக்கிறேன்."

தாளைக் கீழே வைத்தேன். நான் ஏன் அதைப் பிடித்தேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். டேபிள் ஃபேனை நிறுத்தினேன். அவருக்குப் பக்கத்தில் குனிந்து, நிதானமாக, "எவ்வளவு நாளா ஐயா?" என்றேன்.

"ரெண்டு வருஷம் இருக்கும்." சிறு பையன் பிடிபட்டதுபோல் இருந்தது அந்தக் குரல். "சத்தம் கேக்குது தம்பி. வார்த்தைதான் கேக்க மாட்டேங்குது. கொஞ்சம் கொஞ்சமா முனை மழுங்கிப்போச்சு. ஜனங்க வந்து அழுதுகிட்டே ஏதோ சொல்றாங்க. பாதி புரியும். மீதிக்குத் தலையாட்டுவேன். எனக்குக் கேக்காட்டியும் அவருக்குக் கேட்டிருக்கும்னு பொதுவா ஜெபிச்சு அனுப்பிடுவேன்."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

அவர் என்னைப் பார்த்தார். "மனுஷன் குரலே கேக்காத ஆளு, கடவுள் குரலைக் கேட்டேன்னு மேடையில நின்னு சொன்னா, யாரு தம்பி நம்புவா? அந்த ஒரு வேலைக்காகத்தானே நான் இருக்கேன். அதுவும் இல்லேன்னா நான் எதுக்கு?"

நான் எதுக்கு. இத்தனை நாள் நான் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அதே கேள்வி. அதை அவர் வாயிலிருந்து கேட்டபோது எனக்கு ஆறுதல் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இவருக்கும் தெரியாது என்றால் யாருக்குத்தான் தெரியும்?

ஆனாலும் வந்த காரியத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அவர் காதருகே ஒவ்வொரு வார்த்தையாக வைத்தேன். கிளினிக். வேலை. திங்கட்கிழமை. அத்தை கேட்டது அது, நீங்கள் கேட்டுக்கொண்டது இது. சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"கிளினிக்," என்று தனக்குள் சொல்லிப் பார்த்தார். "அப்படியொரு வார்த்தை எனக்கு வரவே இல்லையே."

"வராது ஐயா. கி, க், ச், ட் இதெல்லாம்தான் முதல்ல போகும். 'ஊழியம்' மாதிரி மெத்துனு இருக்கற வார்த்தை கடைசி வரைக்கும் கேக்கும்."

"அப்ப இந்த ரெண்டு வருஷத்துல யார் யாருக்கு என்னென்ன தப்பாச் சொல்லியனுப்பினேனோ..." கைகளால் முகத்தை மூடிக்கொண்டார். கைகளை எடுத்ததும், "ஞாயித்துக்கிழமை மட்டும் ஒண்ணும் சொல்லிடாதீங்க தம்பி," என்றார். "கெஞ்சிக் கேக்கறேன்."

இதுதான் என் நிலைமை. வேலை வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை எழுந்து, எனக்கு வந்தது அழைப்பு இல்லை, ஐயாவுக்குக் காது கேட்கவில்லை என்று சொல்ல வேண்டும். வேறு என்ன சொன்னாலும் தாழ்மை என்று கைதட்டிவிடுவார்கள். சொன்னால் அந்த மனிதர் முடிந்தார். சொல்லாவிட்டால் நான் முடிந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம், வரவேற்புப் பெண் லீவில் இருந்த நேரம் பார்த்து, அவரைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டுதான் கிளினிக்குக்குப் போனேன். மேடம் சோதனை அறையில் உட்கார வைத்துப் பரிசோதித்தார். கிராஃபில் கோடு பாதி வரை நேராக வந்து, பிறகு சரசரவென்று கீழே இறங்கியிருந்தது. பழகிப் பார்ப்பதற்கென்று வைத்திருக்கும் மெஷின்களில் ஒன்றைப் போட்டுவிட்டோம். ஐயா எழுந்து நடந்தார், நின்றார், தன் செருப்பைப் பார்த்தார்.

"இது சத்தம் போடுதா?" என்றார்.

"எப்பவும் போட்டுக்கிட்டுதான் இருந்துச்சு ஐயா."

தாளைக் கசக்கிப் பார்த்தார். சாவியை ஆட்டிப் பார்த்தார். வெளியே யாரோ தும்மியதற்குத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைப் பார்த்தபோது, ஒரு நிமிடம் நான் என் வேலையை மறந்துவிட்டேன். கிளம்பும்போது மெஷினைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"வீட்ல போட்டுக்கறேன். சபையில வேணாம்."

"காது சபையிலதானே ஐயா வேணும்!" என்று கத்தினேன். அது அவருக்குக் கேட்கவில்லை.

அன்று மாலை வீட்டில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். "பேசாம உண்மையைப் போட்டு உடைச்சிடுங்க," என்றாள் மனைவி. "மாப்ள, ஒரு நிமிஷம்..." என்றார் அத்தை. "அத்தை, நீங்க சும்மா இருங்க, நானே வெந்துபோய் இருக்கேன்," என்றேன்.

ஞாயிறு வந்தது. சபை நிறைந்திருந்தது. புதுச் சட்டை கழுத்தில் இறுக்க, மேடையில் போய் நின்றேன். ஐயா எனக்கு எதிரே முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். காதில் ஒன்றும் இல்லை. கை மட்டும் சட்டைப் பைமேல் இருந்தது. கண்கள் என் உதடுகளின்மேல் இருந்தன.

"எல்லாருக்கும் வணக்கம்," என்றேன். "ஒரு தப்பு நடந்திருக்கு."

"ஆமென்!" என்றது சபை.

"ஆமென் போடாதீங்க! நான் சொல்றதைக் கேளுங்க. என்னைக் கடவுள் கூப்பிடல."

மூப்பர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள். தாழ்மை. அடுத்த வாக்கியம் நாக்கின் நுனியில் இருந்தது. ஐயாவுக்குக் காது கேட்காது. சின்ன வாக்கியம். எனக்குக் கிடைக்கப்போகும் ஒரே நல்ல வேலை அந்த வாக்கியத்துக்கு அந்தப் பக்கம் நின்றது. நான் அவரைப் பார்த்தேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், தீர்ப்புக்குக் காத்திருப்பவர்போல. என்னால் முடியவில்லை. ஆண்டவரே, இதுவரை நீ எனக்கு ஒன்றும் செய்ததில்லை, இப்போதாவது ஏதாவது செய் என்று மனதுக்குள் பல்லைக் கடித்தேன். சத்தமில்லாமல் நின்றேன். இருமுகிறவர்கள்கூட இருமுவதை நிறுத்திவிட்டார்கள்.

அந்த அமைதியில் "கீ...ங்" என்று ஒரு விசில் சத்தம் எழுந்தது.

எல்லாரும் மைக்கைப் பார்த்தார்கள். எனக்கு மட்டும் தெரியும் அது என்ன என்று. முதல் வரிசையில் ஐயா மெஷினைக் காதில் திணித்துக்கொண்டிருந்தார். அச்சு சரியாக உட்காராவிட்டால் விசிலடிக்கும். பாதி உள்ளே, பாதி வெளியே. சபை முழுக்கக் கேட்கிறது, அவருக்கு மட்டும் கேட்கவில்லை. எனக்கு அந்தச் சத்தத்தைத் தாங்க முடியாது. தினமும் அதை நிறுத்துவதுதான் என் பிழைப்பு. என்ன செய்கிறோம் என்று யோசிப்பதற்கு முன்பே மேடையிலிருந்து இறங்கி அவர் முன்னால் நின்றிருந்தேன்.

"காது மடலைப் பின்னாடி இழுக்கணும்னு நேத்தே சொன்னேன்ல?" என்றேன் எரிச்சலோடு. மடலை இழுத்து, அச்சைத் திருப்பி, உள்ளே அழுத்தினேன். விசில் நின்றது.

ஐயா எழுந்தார். சபையைப் பார்த்துத் திரும்பி, காதை எல்லாருக்கும் தெரிகிறமாதிரி காட்டினார்.

"எனக்குக் காது கேக்கறதில்ல," என்றார். "ரெண்டு வருஷமா உங்ககிட்ட மறைச்சேன். இந்தத் தம்பிக்காக அவங்க அத்தை வேலை கேட்டாங்க. நான் ஊழியம்னு கேட்டேன். இவரைக் கூப்பிட்டது நான், அதுவும் தப்பாக் கூப்பிட்டேன். யாருக்கெல்லாம் நான் தப்பா ஜெபிச்சேனோ, மறுபடி வந்து சொல்லுங்க. இப்ப கேக்குது."

யாரும் ஆமென் போடவில்லை. பிறகு பின்வரிசையில் ஒரு அம்மா எழுந்தார். நேராக நடந்து வந்து, ஐயாவின் முன்னால் நின்று, "என் மகனைப் பத்திச் சொன்னேனே ஐயா, அதைத் திரும்பச் சொல்லட்டுமா?" என்றார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் எழுந்தார். அப்படியே வரிசை நீண்டது. என் பிரசங்கத்தை யாரும் தேடவில்லை. நான் என் பெஞ்சுக்குப் போனேன். கூட்டம் முடிந்ததும், என் கையைக் குலுக்கிய அந்த இரண்டாவது மூப்பர் பக்கத்தில் வந்து, யாரும் பார்க்கவில்லையா என்று பார்த்துவிட்டு, தன் இடது காதைத் தொட்டுக் காட்டினார். அவருக்கு அடுத்து இன்னும் சிலர். "எல்லாரும் கிளினிக்குக்கு வாங்க, இது என்ன சந்தையா?" என்று சிடுசிடுத்தேன்.

திங்கட்கிழமை மேடம் ஆர்டரைக் கையில் கொடுத்தார். முழுநேர ஊழியர். அன்றைக்கே சபையிலிருந்து ஒரு கும்பல் வந்துவிட்டது. எல்லாருக்கும் நான்தான் மாட்ட வேண்டுமாம். ஒருவர் ஜெபம் பண்ணிவிட்டு மாட்டுங்கள் என்றார். வெந்துகொண்டே பண்ணினேன்.

மாலையில் வீட்டுக்கு வந்து, ஆர்டரை அத்தையின் மடியில் வைத்தேன். "பாருங்க அத்தை. நீங்க கேட்டது கடைசியில கெடைச்சிடுச்சு. நடுவுல அவருக்குக் கேக்காமப் போனதால எவ்ளோ கூத்து!"

அத்தை தாளைத் தடவிப் பார்த்தார். "மாப்ள, அன்னிக்கு ஐயாவுக்கு நல்லாத்தான் கேட்டுச்சு."

"என்ன?"

"நான் கிளினிக்னு சொல்லவே இல்ல. முழுநேர ஊழியராகணும்னு மட்டும்தான் சொன்னேன். ஊழியத்தைத்தான் கேட்டேன்."

"நான் பக்கத்துலயே இருந்தேன் அத்தை! என் காதால கேட்டேன்!"

"ஃபேனுக்குக் கீழ இருந்தீங்க," என்றாள் சமையலறையிலிருந்து என் மனைவி. "அம்மா கிளினிக்னு சொல்லல. எனக்கும் நல்லா ஞாபகம் இருக்கு. சொல்ல மறந்துட்டாங்கன்னு நெனச்சேன்."

நான் உட்கார்ந்துவிட்டேன். காது பார்க்கிறவன், எனக்கு வேண்டியதை நானே கேட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். அதை வைத்துக்கொண்டு ஒரு பெரிய மனிதரைச் சபை முன்னால் நிறுத்திவிட்டேன். "அவர் எல்லார் முன்னாடியும் தப்புன்னு ஒத்துக்கிட்டாரே, அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"அவர் காதுல மெஷின் ஏறிடுச்சு. அதை ஏன் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

"சரி, என்னைப் போய் எதுக்கு ஊழியத்துக்குக் கேட்டீங்க? என் கோபத்துக்கு?"

அத்தை ஆர்டரை நான்காக மடித்தார். "உங்க மாமாவுக்குக் காது போனதும் எல்லாரும் அவர்கிட்ட பேசறதை நிறுத்திட்டோம். நானும்தான். ஒரு தடவை சொல்வேன், கேக்கலேன்னா ஒண்ணுமில்ல விடுங்கன்னுடுவேன். நீங்க மட்டும்தான் திருப்பித் திருப்பிச் சொன்னீங்க. கோபமாத்தான் சொன்னீங்க. ஆனா அவருக்குக் கேக்கற வரைக்கும் விடல. கடைசி வரைக்கும் அவர் தனியாப் போகல, மாப்ள. அதை நீங்க முழுநேரமா செய்யணும்னுதான் ஆண்டவர்கிட்ட கேட்டேன். அதுக்கு வேற என்ன பேருன்னு எனக்குத் தெரியல."

எனக்கு அழுகை வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். "இதை அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல அத்தை!" என்று கத்தினேன். "ரெண்டு வாரமா நான் இந்த வீட்டுக்குள்ள பைத்தியம் மாதிரி அலைஞ்சேனே!"

அத்தை மடித்த தாளை என் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"நீங்கதான் என்கிட்ட கேக்கவே இல்லையே, மாப்ள."